எல்.ஐ.சி.யால் பதவி போச்சு, திரும்பி வந்து யூ.டி.ஐ.: யார் இந்த டி.டி.கே.?

ஏற்காடு அடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே போனில் என்.பி.எஸ். பென்ஷன் கணக்கு தொடங்கிவிடலாம். பணத்தை எந்த நிறுவனம் நிர்வகிக்கணும்னு அதில் கேட்பார்கள். அந்தப் பட்டியலில் எல்.ஐ.சி.யும் இருக்கும், யூ.டி.ஐ.யும் இருக்கும். இந்த இரண்டு பெயர்களின் கதையிலும் வருகிற ஒரு தமிழர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சென்னை டி.டி.கே. சாலை இவர் பெயரில்தான்.

1899-ல் பிறந்தவர், அடிப்படையில் வியாபாரி. 1928-ல் இவர் தொடங்கிய நிறுவனம் வீட்டு உபயோகப் பொருட்களை ஊர் ஊராக விநியோகித்தது. நம்ம கிச்சனில் இருக்கும் பிரெஸ்டீஜ் குக்கர் அந்தக் குழுமத்தோடதுதான். பிறகு அரசியல், அரசியல் சாசன வரைவுக் குழு, 1956-ல் மத்திய நிதியமைச்சர் பதவி.

அதே 1956 செப்டம்பரில்தான் எல்.ஐ.சி. பிறந்தது. தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் பாலிசிதாரர் பணத்தை இஷ்டத்துக்குக் கையாண்டதால் அரசே எடுத்துக்கொண்ட துறை அது. ஆனால் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. சுமார் ₹1.25 கோடிக்குப் பங்கு வாங்கியது. முந்த்ரா அப்போது கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தார். எல்.ஐ.சி.யின் மொத்த நிதியில் இது சின்னத் தொகைதான். முதலீட்டுக் குழுவைக் கேட்காமலே வாங்கினதுதான் பெரிய சிக்கல்.

நாடாளுமன்றத்தில் இதைக் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை. காங்கிரஸ் எம்.பி.யும் பிரதமர் நேருவின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி! நீதிபதி சாக்ளா பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். அதிகாரிகள் செய்தாலும் பொறுப்பு அமைச்சருக்கே என்று சொல்லிவிட்டார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா.

பலருக்கு இதோடு கதை முடிந்திருக்கும். இவர் 1962-ல் மீண்டும் அமைச்சரானார், அடுத்த வருஷமே நிதித் துறையும் கைக்கு வந்தது. பங்குச் சந்தை பக்கமே போகாத நடுத்தரக் குடும்பங்களின் பணத்தைத் திரட்டி, விஷயம் தெரிந்தவர்களை வைத்து முதலீடு செய்யும் அமைப்பாக யூ.டி.ஐ.யைக் கொண்டுவந்தார். இந்தியாவின் முதல் மியூச்சுவல் ஃபண்ட் அது. 1964 ஜூலையில் ₹10 முகமதிப்பில் யூனிட் விற்பனை தொடங்கியது. தொடக்க மூலதனம் ₹5 கோடி. அதில் எல்.ஐ.சி.யும் பங்கு போட்டது!

மகன்களின் தொழில் தொடர்பான புகார்களில் 1965 கடைசியில் மறுபடியும் ராஜினாமா. 1974-ல் காலமானார். ரிட்டயர் ஆன பல பேர் நம்பிப் பணம் போட்ட யூ.எஸ். 64 திட்டம் 2001 ஜூலையில் முடங்கியதை அவர் பார்க்கவில்லை. யூனிட்டின் உண்மை மதிப்புக்கும் திருப்பி வாங்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லாமல் நிர்வாகம் விலை வைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அரசு கைகொடுக்க வேண்டியதாச்சு.

இன்று என்.பி.எஸ்.ஸில் யூனிட் மதிப்பு தினமும் வெளியாகிறது. நிர்வாகக் கட்டணம் வருஷத்துக்கு நூறு ரூபாய்க்குச் சில பைசாதான். அது ஏன் முக்கியம்? மாதம் ₹5,000 வீதம் 30 வருஷம் போட்டு, 10% வளர்ந்தால் சுமார் ₹1.13 கோடி. கட்டணமாக 1% போய் 9% ஆனால் சுமார் ₹91 லட்சம். ஆனால் முந்த்ரா பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியபோது யாரும் கட்டணத்தைப் பற்றிப் பேசவே இல்லை.