மனோதர்மத்துக்கு இடம் விட்ட செம்பை

நவராத்திரி, ராமநவமி சமயங்களில் நம் சங்கக் கிளைகள் பலவற்றில் குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டுப் போட்டி நடக்கிறது. நானும் சில ஊர்களில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். பாடாந்தரம் சுத்தமாக இருக்கிறது, தாளம் பிசகுவதில்லை. பெற்றோர்கள் எவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆனால், சொந்தமாக நாலு ஆவர்த்தனம் ஸ்வரம் பாடு என்று கேட்டால் குழந்தையின் முகம் வாடிவிடுகிறது. நோட்டில் எழுதி மனப்பாடம் செய்த ஸ்வரம்தான் வருகிறது.

கற்பனைத் திறன் என்று இன்று மனோதத்துவ நிபுணர்கள் பேசுவதை நம் சங்கீதம் மனோதர்மம் என்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்க முடியுமா, அல்லது பிறவியிலேயே வர வேண்டியதா? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் செம்பை வைத்தியநாத பாகவதர்.

பாலக்காட்டை அடுத்த கோட்டாயிக்கு அருகில் உள்ள செம்பை கிராமத்தைச் சேர்ந்த அவர் 1896-ஆம் வருஷம் பிறந்தார். தகப்பனார் அனந்த பாகவதரே குரு. ஒற்றப்பாலத்தில் 1904-இல் முதல் கச்சேரி நடந்தது. 1912 முதல் வயலினும் புல்லாங்குழலும் கற்றுக்கொண்டார். தம்பி சுப்பிரமணியத்துடன் சேர்ந்து பாடிய நாட்களில் இருவரையும் செம்பை சகோதரர்கள் என்பார்கள்.

அவருடைய சாரீரம் கணீரென்றிருக்கும். மைக் இல்லாத காலத்திலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். அதைவிட வித்வான்கள் வியந்தது அவருடைய லய ஞானத்தை. பாட்டில் எந்த இடத்தைக் காட்டினாலும் அங்கிருந்தே நிரவலோ ஸ்வரமோ எடுத்துப் பாடுவார். பக்கவாத்தியக்காரரைத் திணறடிக்க இதைவிட நல்ல ஆயுதம் வேண்டியதில்லை. ஆனால் செம்பையின் மேடையில் பக்கவாத்தியக்காரர்கள் வளர்ந்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

1912-இல் பிறந்த பாலக்காடு மணி ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரைச் சென்னை ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தியவர் செம்பை. 1920-களின் நடுவில் அது நடந்தபோது மணி இன்னும் சிறுவன். மேடையில் செம்பை, வயலினில் மைசூர் சௌடையா, மிருதங்கத்தில் அந்தச் சிறுவன். பெயர் பெற்ற மிருதங்க வித்வான்கள் பலர் இருந்த காலம் அது. ஒரு பையனை நம்பித் தம் கச்சேரியை ஒப்படைக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். கச்சேரி கெட்டால் பழி பாடகர் தலையில்தான் விழும். அந்த அபாயத்தைச் செம்பை தாமே ஏற்றுக்கொண்டார். பையன் பயமில்லாமல் வாசிக்க முடிந்தது. மணி ஐயர் பின்னர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் மேல்பயிற்சி பெற்றார். தாளத்தை மட்டும் தாங்காமல் பாட்டின் போக்கையே மிருதங்கத்தில் கொண்டுவந்து, வாசிக்கும் முறையையே மாற்றினார். சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற முதல் மிருதங்க வித்வான் அவர், வருஷம் 1966. செம்பைக்கு அதே பட்டம் 1951-இல் கிடைத்திருந்தது.

பக்கவாத்தியத்தில் ஒரு நல்ல இடம் விழுந்தால் செம்பை மேடையிலேயே, எல்லோருக்கும் கேட்கும்படி மனம்விட்டுப் பாராட்டுவார். வயலினும் கற்றவர் என்பதால் பக்கத்தில் இருப்பவரின் கஷ்டம் அவருக்குப் புரிந்தது என்று நான் நினைக்கிறேன். டி.வி. கோபாலகிருஷ்ணன், வி.வி. சுப்பிரமணியம், பி. லீலா என்று அவர் நிழலில் வளர்ந்தவர்கள் பலர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த கே.ஜே. யேசுதாஸ், சினிமாவில் புகழ்பெற்ற பின்னும் அவரிடம் பாடம் கேட்டார். சிஷ்யனிடம் செம்பை தேடியது வித்தையில் ஆசையை மட்டுமே.

மேல்நாட்டில் 1950-இல் கில்ஃபோர்டு என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர், கற்பனைத் திறனைத் தம் துறை புறக்கணித்துவிட்டது என்று சக அறிஞர்களுக்கு எடுத்துச் சொன்னார். அதன் பிறகு ஆராய்ச்சி பெருகியது. தெரஸா அமாபிலி என்பவர் 1985-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 72 எழுத்தாளர்களைக் கவிதை எழுதச் சொன்னார். ஒரு பிரிவினரை, எழுதுவதற்கு முன் பணம், புகழ் போன்ற காரணங்களைச் சற்று நேரம் நினைக்க வைத்தார். அவர்கள் எழுதிய கவிதைகளில் கற்பனை குறைந்திருந்ததாக நடுவர்கள் கண்டார்கள். சில நிமிஷ நினைப்புக்கே இப்படி என்றால், வருஷம் முழுவதும் பரிசையும் மார்க்கையும் நினைக்க வைக்கப்படும் குழந்தைகளின் கதி என்ன?

செம்பைக்கும் சோதனை வந்தது. ஒரு கட்டத்தில் குரல் அடியோடு போய்விட்டது. பாடகனுக்கு அதைவிடப் பெரிய இழப்பு ஏது? குருவாயூரப்பனை வேண்டிக்கொண்டார். குரல் திரும்பிய பின், கச்சேரி வருமானத்தைக் குருவாயூரப்பனுக்கே அர்ப்பணித்து வந்தார். பட்டமும் பணமும் அவரைப் பாட வைக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1973-இல் பத்மபூஷண் வந்தது. 1974 அக்டோபர் 16-ஆம் தேதி, முதல் கச்சேரி செய்த அதே ஒற்றப்பாலத்தில் கோயில் கச்சேரியை முடித்த பிறகு காலமானார்.

குருவாயூரில் ஏகாதசியை ஒட்டி அவர் பெயரில் நடக்கும் சங்கீத உற்சவத்தில் ஆயிரக்கணக்கானோர் பாடுகிறார்கள். பெரிய வித்வான் பாடிய மேடையிலேயே அறிமுகமில்லாத குழந்தையும் உட்காருகிறது. அங்கே முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது.

கிளை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். போட்டி இருக்கட்டும், அது பாடாந்தரத்தைக் காப்பாற்றுகிறது. அதோடு வருஷத்துக்கு இரண்டு முறை, பரிசும் மதிப்பெண்ணும் இல்லாத ஒரு மாலை வையுங்கள். உள்ளூர் வித்வான் ஒருவர் பாட, பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தைகள் பக்கவாத்தியம் வாசிக்கட்டும். இரண்டு ஆவர்த்தனம் சொந்தமாக ஸ்வரம் பாடட்டும். தப்பினால் பெரியவர் சிரித்துக்கொண்டே தாளத்தைப் பிடித்துக் கொடுப்பார். முன்வரிசையில் இருக்கும் பெற்றோர்கள் அன்று ஒரு மாலை மட்டும் தலையில் கை வைக்காமல் கேட்க வேண்டும். செலவு ஒரு ஹாலும் காபியும்தான்.