சுவரைத் தாண்டி ஒலித்த மணி

அப்பாவின் கைப்பேசிக்கு அழைப்பு வருகிறது. கம்பி ஏதும் இல்லை, கதவும் மூடியிருக்கிறது. பிறகு எப்படி மணி அடிக்கிறது? இதே வித்தையை 1895-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் செய்துகாட்டி, எல்லாரையும் வாய் பிளக்க வைத்தவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30 அன்று வங்காளத்தில் பிறந்தார். அவருடைய தந்தை பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போன காலத்தில், மகனைத் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் வீட்டுப் பையனும் இவரும் ஒரே வரிசையில் அமர்ந்து படித்தார்கள். பிறகு கல்கத்தாவிலும், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் படிப்பு.

1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கேதான் சோதனை தொடங்கியது. ஆங்கிலேயப் பேராசிரியர்களுக்கு ஒரு சம்பளம். இந்தியர் என்பதால் இவருக்கு அதைவிட மிகக் குறைவு! போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. ஆனால் சம்பளத்தைத் தொடவே மறுத்துவிட்டார். குடும்பத்துக்கோ கடன். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள்! கடைசியில் நிர்வாகமே இறங்கிவந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. தந்தையின் கடனை அடைத்தார்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்த இடமோ ஒரு குளியலறையை ஒட்டிய சின்னஞ்சிறு அறை. அதில் என்ன செய்தார் தெரியுமா?

குளத்தில் கல்லை எறிந்தால் அலை பரவுகிறதல்லவா? அதுபோல, மின்பொறி பறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் பரவும். இதை 1888 வாக்கில் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் மெய்ப்பித்திருந்தார். அலையை எழுப்பினால் மட்டும் போதாது, மறுமுனையில் பிடிக்கவும் வேண்டும். அதற்கு ஓர் உணர்கருவி. அலை பட்டதும் அதன் வழியே மின்சாரம் பாயும், மணி அடிக்கும். கம்பியில்லாத் தொடர்பின் அடிப்படை இவ்வளவுதான்.

1895-இல் போஸ் எழுப்பிய அலை, விழாவுக்கு வந்திருந்த துணை ஆளுநரின் உடம்பையும் மூன்று சுவர்களையும் கடந்தது. சுமார் 75 அடி தள்ளியிருந்த அறையில் மணி ஒலித்தது, வெடிமருந்தும் வெடித்தது!

அடுத்து அலையின் நீளத்தைக் குறைத்தார். ஹெர்ட்ஸ் எழுப்பிய சிறிய அலையே 66 சென்டிமீட்டர். போஸ் எழுப்பியதோ 5 மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பு அளவு! அலை சிறிதானால் கருவியும் சிறிதாகும். முறுக்கிய சணலும், நடுநடுவே ஈயத்தாள் செருகிய ரயில் அட்டவணைப் புத்தகமும்கூட அவர் கையில் ஆய்வுக் கருவிகள் ஆயின.

அலை நீளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எங்கள் வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலை. நீளமான மத்திய அலையில் வந்த திருநெல்வேலி வானொலி, அந்த நாளில் அடிவாரத் தோப்பிலும் நன்றாகக் கேட்கும். கைப்பேசியின் அலை குட்டையானது. மலை மறைத்தால் சிக்னல் படுத்துவிடும். அதனால்தான் ஊருக்கு ஊர் கோபுரம்!

1899-இல், பாதரசம் கொண்ட புதிய உணர்கருவியைப் பற்றி லண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார் போஸ். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிவந்த சைகையைப் பிடித்தது அந்த வகைக் கருவியால்தான் என்று பிற்காலப் பொறியாளர்கள் ஆராய்ந்து எழுதினர். 1909-இல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் கிடைத்தது. மார்க்கோனியின் உழைப்பும் பெரிதுதான்; கடல் கடந்து செய்தி அனுப்பிப் பார்க்கும் துணிவு அவருக்கு இருந்தது. போஸோ அறிவை விற்கக் கூடாது என்ற கொள்கை உடையவர். வற்புறுத்தலால் ஒரு கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றும், அதைக் கொண்டு காசு சேர்க்கவில்லை.

பிறகு அவர் மனம் செடிகொடிகளின் பக்கம் திரும்பியது. அது தனிக் கதை. 1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23 அன்று காலமானார்.

அவர் எழுப்பிய மில்லிமீட்டர் அலைகளை இப்போது 5ஜி கைப்பேசித் தொழில்நுட்பத்திலும் பயன்படுத்துகிறார்கள். அந்தக் குளியலறை ஓரத்து ஆராய்ச்சியை, 2012-இல் உலக மின் பொறியாளர் அமைப்பு மைல்கல்லாக அறிவித்தது.