மின்னலை உண்டாக்கிய மேதை

உயரம் நாலு அடிதான் இருக்கும். முதுகில் கூன். நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்வார். கையில் காசு கிடையாது. ஆங்கிலமும் சரியாக வராது.

இந்த வாலிபரை நாட்டுக்குள் விடலாமா, வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பலாமா என்று நியூயார்க் துறைமுக அதிகாரிகள் யோசித்தார்கள். இது நடந்தது 1889-ம் ஆண்டில்.

கூட வந்த நண்பர் குறுக்கிட்டார். தன்னிடம் இருந்த பணத்தை எடுத்துக் காட்டினார். அது இருவருக்கும் பொதுவான பணம் என்று சொல்லிச் சமாளித்தார். அதிகாரிகள் அரை மனதோடு வழிவிட்டார்கள்.

அப்படி உள்ளே நுழைந்தவர்தான் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ். அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய மின்சாரக் கம்பெனியாக இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக், ஆராய்ச்சிக்கென்றே தனியாகப் பணம் செலவிட முன்வந்ததற்கு இவரே முக்கிய காரணம்.

ஊரை விட்டு ஓட்டம்

ஸ்டைன்மெட்ஸ் 1865-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மானியர் ஊர். இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. கூன் அவருக்குப் பிறவியிலேயே வந்தது. தந்தைக்கும் பாட்டனாருக்கும் கூட இருந்தது. தாய், இவர் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமாகிவிட்டார்.

உடம்பில் குறை வைத்த இயற்கை, மூளையில் குறை வைக்கவில்லை. கணக்கில் அவர் புலி. ஆனால் கல்லூரி நாட்களில் சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்து அதன் பத்திரிகையிலும் எழுதினார். போலீசார் தேடத் தொடங்கினார்கள். டாக்டர் பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில், 1888-ல், சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்.

யாங்கர்ஸ் என்ற ஊரில் ஐக்மேயர் என்பவர் தொழிற்சாலை வைத்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் அரசியல் காரணமாக ஜெர்மனியை விட்டு வந்தவரே. அவர் ஸ்டைன்மெட்ஸுக்கு வாரம் 12 டாலர் சம்பளத்தில் இயந்திரப் படம் வரையும் வேலை கொடுத்தார்.

இரும்பு தின்ற மின்சாரம்

மின்சார மோட்டார் ஓடும்போது அதற்குள் இருக்கும் இரும்பு சூடாகும். கொடுத்த மின்சாரத்தில் ஒரு பங்கு இப்படி வெப்பமாகி வீணாகிவிடும். எவ்வளவு வீணாகும் என்று முன்கூட்டியே சொல்ல அந்தக் காலத்தில் ஆள் இல்லை. மோட்டாரைச் செய்து, ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். சரியில்லை என்றால் செய்த செலவெல்லாம் தண்டம்!

ஸ்டைன்மெட்ஸ் பலவகை இரும்புகளைச் சோதித்து அளந்தார். 1892-ல் ஒரு கணக்குச் சூத்திரத்தை வெளியிட்டார். அதன்பின், மோட்டாரைச் செய்வதற்கு முன்பே காகிதத்தில் நஷ்டத்தைக் கணக்கிட முடிந்தது. அப்போது அவருக்கு வயது 26.

அதே ஆண்டில்தான் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி உருவாயிற்று. அது ஐக்மேயரின் தொழிலை விலைக்கு வாங்கியது. தொழிலோடு ஸ்டைன்மெட்ஸும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1894 முதல் ஷெனெக்டடி நகரமே அவருக்குச் சொந்த ஊராயிற்று.

கம்பெனிக்கு வந்த ஆபத்து

கம்பெனிக்குப் பணம் கொட்டியது எடிசன் கண்டுபிடித்த பல்பு. அதற்குள்ளே இருந்தது கரி இழை. ஆனால் எடிசனின் பேடண்டு உரிமை 1894-ல் முடிந்துவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் அந்தப் பல்பைச் செய்யலாம். போதாக்குறைக்கு, ஜெர்மனியில் நெர்ன்ஸ்ட் என்ற விஞ்ஞானி புதுவகை விளக்கைக் கண்டுபிடித்தார். அதே மின்சாரத்தில் அது கூடுதல் வெளிச்சம் கொடுத்தது. அதன் அமெரிக்க உரிமை போட்டிக் கம்பெனியிடம் போய்விட்டது.

1900-ம் ஆண்டு ஸ்டைன்மெட்ஸ் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். தொழிற்சாலை என்ஜினீயர்களுக்கு அன்றாட வேலையே சரியாக இருக்கிறது. அவர்களால் புதியதைத் தேட முடியாது. ஆகவே தொழிற்சாலையோடு ஒட்டாத தனி ஆராய்ச்சிக் கூடம் வேண்டும் என்பது அதன் சாரம்.

வியாபாரிகளின் காதுக்கு இது இனிக்கிற பேச்சு அல்ல. சரக்கில் போட்ட பணம் எப்போது திரும்பும் என்று கணக்குப்பிள்ளை சொல்லிவிடுவார். ஆராய்ச்சியில் போட்ட பணம் திரும்புமா என்பதையே யாராலும் சொல்ல முடியாது. இருந்தும் கம்பெனி சம்மதித்தது.

விட்னி என்ற ரசாயனப் பேராசிரியரை அழைத்தார்கள். அவருக்கோ கல்லூரியை விட மனம் இல்லை. முதலில் வாரத்தில் சில நாள் மட்டும் பாஸ்டனிலிருந்து ரெயிலில் வந்து போனார். ஆராய்ச்சி தொடங்கிய இடம் எது தெரியுமா? ஸ்டைன்மெட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகை!

பொறுமைக்குக் கிடைத்த பரிசு

எடுத்த எடுப்பிலேயே வெற்றி வரவில்லை. விட்னி கரி இழையைச் செம்மைப்படுத்தினார். அதற்குள் ஐரோப்பாவில் டங்ஸ்டன் உலோக இழை வந்து அதை முந்திவிட்டது. அந்த உரிமைக்கு ஜெனரல் எலெக்ட்ரிக் பணம் கொடுக்க நேர்ந்தது. ஆராய்ச்சிக் கூடம் எதற்கு என்று கேட்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனாலும் கூடத்தை மூடவில்லை.

டங்ஸ்டனில் ஒரு கோளாறு இருந்தது. தொட்டால் ஒடியும். கூலிட்ஜ் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டினார். காய்ச்சினார், அடித்தார், மறுபடி காய்ச்சினார். கடைசியில் அது கம்பியாக நீண்டது. 1911 முதல் அந்த இழை போட்ட பல்புகள் 'மாஸ்டா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. கரி இழைப் பல்பைவிடச் சுமார் மூன்று பங்கு வெளிச்சம்!

பல்பின் உள்பக்கம் நாளாக ஆகக் கறுத்துப் போவது ஏன் என்று லாங்மியூர் என்பவர் ஆராய்ந்தார். உள்ளே மிச்சமிருக்கும் காற்றுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். சூட்டில் இழையே ஆவியாகிப் போய்க் கண்ணாடியில் படிகிறது என்று அவர் கண்டார். காற்றை இன்னும் உறிஞ்சுவதற்குப் பதிலாக, உள்ளே நைட்ரஜன் வாயுவை அடைத்தார். 1913-ல் புதிய பல்பு பிறந்தது.

வீட்டில் ஒரு தாத்தா

ஸ்டைன்மெட்ஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் கூன் பிள்ளைகளுக்கும் வந்துவிடுமே என்ற கவலைதான். ஹைடன் என்ற உதவியாளரை மகனாகத் தத்து எடுத்தார். ஹைடனின் மனைவியும் மூன்று குழந்தைகளும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். குழந்தைகளுக்கு அவர்மேல் உயிர். அவர் வீட்டில் முதலைகளும் வளர்ந்தன!

பெரிய முதலாளிகளிடம் வேலை பார்த்தாலும் சோஷலிஸ்டுக் கொள்கையை அவர் விடவில்லை. ஷெனெக்டடி கல்விக் குழுத் தலைவராகவும் இருந்தார்.

கோடையில் மோஹாக் ஆற்றங்கரைக் குடிலுக்குப் போய்விடுவார். சிறு படகில் குறுக்கே பலகை போட்டு, மண்டியிட்டபடி கணக்குப் போடுவார். 1920-ல் அந்தக் குடிலில் இடி விழுந்தது. மற்றவர்கள் என்றால் பயந்து ஓடுவார்கள். இவரோ உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, மின்னல் போன பாதையைப் பார்த்தார்!

பிறகு தாமே மின்னல் செய்யும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். கண்ணாடித் தகடுகளில் 1,20,000 வோல்ட் மின்சாரத்தைச் சேர்த்து ஒரே நொடியில் பாய்ச்சினார். பெருத்த ஓசையோடு மரக்கட்டைகள் சிதறின. இது வேடிக்கைக்கு அல்ல. மின்கம்பிகளை இடியிலிருந்து காக்கும் கருவிகளைச் சோதிக்க, வானத்து மின்னலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1922-ல் எடிசனே ஷெனெக்டடிக்கு வந்து இதைப் பார்த்தார்.

மறு ஆண்டு, 1923 அக்டோபர் 26-ந் தேதி காலையில், ஸ்டைன்மெட்ஸ் தம் வீட்டில் படுக்கையிலேயே உயிர் நீத்தார். வயது 58.

கறுத்த பல்பிலிருந்து தொடங்கிய லாங்மியூரின் ஆராய்ச்சி எங்கெங்கோ வளர்ந்து, 1932-ல் அவருக்கு நோபல் பரிசைக் கொண்டுவந்தது. ஸ்டைன்மெட்ஸின் ஆற்றங்கரைக் குடிலை மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு வாங்கிக்கொண்டு போனார். மிச்சிகனில் உள்ள பொருட்காட்சிக் கிராமத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.