வீட்டாரைத் தன் தொழிலில் சேர்த்துக்கொண்டவர்



நம்மில் அநேகர் வாழ்க்கையை மூன்று பெட்டியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். தொழில் வயிற்றுப்பாட்டுக்கு, குடும்பம் வீட்டுக்குள்ளே, ஆண்டவர் ஞாயிற்றுக்கிழமைக்கு. இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்து வாழ்ந்த ஒரு மனுஷனைப் பற்றி இந்த மாதம் தியானிப்போம். அவர்தான் தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர்.

தஞ்சாவூர் நமக்குத் தூரம் இல்லை. நம்ம அறந்தாங்கிப் பக்கமெல்லாம் 1974 வரைக்கும் தஞ்சாவூர் ஜில்லாதானே. அந்தப் பட்டணத்தில் இன்றைக்கும் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்த வழியாகப் போனாலும் அவர் யார் என்று நமக்குத் தெரிவதில்லை.

பண்டிதர் 1859-ஆம் வருஷம் ஆகஸ்டு 2-ந்தேதி, தென்காசிக்குப் பக்கத்தில் சாம்பவர்வடகரை என்ற கிராமத்தில் ஒரு எளிய கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சிக்காகத் திண்டுக்கல் போனார். போன இடத்தில் பாடத்தோடு நிற்கவில்லை. போட்டோ எடுக்கக் கற்றார், அச்சுத்தொழில் கற்றார், பிடில் வாசிக்கக் கற்றார். சித்த வைத்தியத்திலும் மனதைச் செலுத்தினார். கைக்கு எட்டிய எந்த வேலையையும் இது நமக்கு எதற்கு என்று அவர் தள்ளிவிடவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலுக்குக் கைவேலையின் ஞானத்தைக் கொடுத்தவர் யார்? தேவன் அல்லவா!

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்தார். அந்த அம்மாளும் ஆசிரியை. தஞ்சாவூரில் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் அந்த அம்மாள் தலைமையாசிரியை, இவர் அதே பள்ளியில் தமிழ் ஆசிரியர்! மனைவிக்குக் கீழே வேலை செய்வதா என்று இந்தக் காலத்திலேயே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னே அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

1890-ல் இருவருமாக உத்தியோகத்தை விட்டு வைத்தியத்தில் முழுமையாக இறங்கினார்கள். சுருளி மலையில் தமக்கு மூலிகைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த கருணானந்தர் என்பவரை மறவாமல், மருந்துக்குக் கருணானந்த சஞ்சீவி என்று பெயர் வைத்தார். அந்த மருந்து கடல் கடந்து இலங்கைக்கும் போனது. தஞ்சாவூருக்கு வெளியே பெரிய தோட்டம் போட்டு மூலிகையும் பயிர்களும் வளர்த்தார். ஜனங்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றார்கள். சொந்தமாக ஒரு அச்சுக்கூடமும் வைத்தார். 1909-ல் அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

பணம் வந்தது, பட்டம் வந்தது. அதை வைத்து என்ன செய்தார் என்று பாருங்க. 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, வித்துவான்களைத் தஞ்சாவூருக்கு அழைத்து, சொந்தச் செலவில் மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயியில் இருபத்திரண்டு சுருதி என்று பழைய சாஸ்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. இல்லை, இருபத்துநான்கு என்று இவர் சொன்னார். பழந்தமிழ் நூல்களை ஆராய்ந்து அதற்கு ஆதாரம் காட்டினார்.

1916-ல் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. பெரிய பெரிய பண்டிதர்கள் இருந்த சபை அது. தம்முடைய கணக்கை அங்கே வீணையில் வாசித்துக் காட்ட அவர் யாரை அழைத்துப் போனார் தெரியுமா? தம் வீட்டுப் பெண்களை! பெண்பிள்ளைகள் நாலுபேர் முன்னே உட்கார்ந்து வாசிப்பதே குறைச்சல் என்று உலகம் எண்ணிய காலம் அது. தாம் கற்றதை அவர் வீட்டுக்குள்ளே ஒளித்து வைக்கவில்லை.

பாடுகள் இல்லாத வாழ்க்கை அல்ல. 1911-லேயே பொன்னம்மாள் மரித்துப்போனார்கள். உடன் உழைத்த துணை போனபின்தான் இந்த மாநாடுகளும் ஆராய்ச்சியும் நடந்தன. அவர் மறுமணம் செய்து, குடும்பத்தை நடத்திக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார். 1917-ல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் என்ற மகா பெரிய புத்தகத்தைத் தம் அச்சுக்கூடத்திலேயே அச்சடித்து வெளியிட்டார். 1919 ஆகஸ்டு 31-ந்தேதி, அறுபதாவது வயதில் கண்மூடினார். சரீரம் அவர் வளர்த்த தோட்டத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டது.

வேலை அரைகுறையாய் நின்றதா? நிற்கவில்லை. கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகம் 1946-ல் வெளிவந்தது. வெளியிட்டது மகள் மரகதவல்லி. மகன் வரகுணபாண்டியன் பழந்தமிழரின் யாழை ஆராய்ந்து 1950-ல் நூல் எழுதினார். தகப்பன் மரித்து முப்பது வருஷம் ஆகியும் பிள்ளைகளின் கையில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. காரணம் என்ன? அவர் பிள்ளைகளுக்குத் தோட்டத்தையும் காசையும் மட்டும் விட்டுப்போகவில்லை. தம் வேலையையே கொடுத்துவிட்டுப் போனார்.

தேவபிள்ளைகளே, நம்ம மீமிசலில் எத்தனை தகப்பன்மார் விடியுமுன்னே கடலுக்குப் போகிறார்கள்! எத்தனை பேர் வெளிநாட்டில் வெல்டிங், தச்சு, எலக்ட்ரிக் வேலை செய்து மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள்! அந்த உழைப்பு வீண் அல்ல, கர்த்தர் அதைக் காண்கிறார். ஆனால் அப்பா என்ன வேலை செய்கிறார், அதில் என்ன ஞானம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியுமா? வருகிற வரவும் செலவும் மனைவிக்குத் தெரியுமா? மகனுக்குச் சொல்லிக்கொடுப்பதை மகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோமா? கஷ்டத்தை மறைக்கிறோம் என்று சொல்லி, கர்த்தர் கொடுத்த தாலந்தையும் சேர்த்து மறைத்துவிடுகிறோமே!

வெளிநாட்டில் இருக்கிற சகோதரர் அடுத்தமுறை போன் பேசும்போது, பணம் வந்ததா என்று கேட்பதோடு விடாமல், இன்றைக்கு என்ன வேலை செய்தேன் என்று பிள்ளையிடம் ஒரு ஐந்து நிமிஷம் சொல்லட்டும். கரையில் இருக்கிறவர் வலை பின்னும்போது மகளையும் பக்கத்தில் உட்காரவைக்கட்டும். அந்த வீட்டில் ஜெபமும் இருக்குமானால், தொழிலும் குடும்பமும் தேவனுக்கு ஒரே பலிபீடமாகும்.

உங்கள் கைகளின் கிரியைகளையும் உங்கள் பிள்ளைகளையும் கர்த்தர் தாமே ஆசீர்வதிப்பாராக. ஆமென்.