ஆசிரியர் எம்.சி.ராஜாவும் ‘அடங்காத’ பிள்ளைகளும்

எம்.சி.ராஜாவை நாம் பெரும்பாலும் சட்டமன்றத்தின் வழியாகவே நினைவுகூர்கிறோம். 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்து ஒடுக்கப்பட்டோரின் குரலாக ஒலித்தவர், பின்னர் மத்திய சட்டமன்றத்திலும் அமர்ந்தவர், 1932இல் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்து அண்ணல் அம்பேத்கரோடு முரண்பட்டவர் என்று அவர் வரலாறு சொல்லப்படுகிறது. அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர் என்பதோ ஒரு வரிச் செய்தியாகச் சுருங்கிவிட்டது. நடத்தைச் சிக்கல் உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்படும் சேரிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் இந்நேரத்தில், அந்த ஒரு வரியை விரித்து வாசிக்க வேண்டியிருக்கிறது.

ராஜா 1883இல் பரங்கிமலையில் பிறந்தார். அனகாபுத்தூரைத் தொட்டுவரும் அடையாறு அந்த மலைக்கு அருகாகத்தான் சென்னைக்குள் செல்கிறது. இரண்டு ஊர்களும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற அவர் ஆசிரியப் பணியை ஏற்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கான நூல்களையும் எழுதினார்.

ஓர் ஆதிதிராவிடர் ஆசிரியராவது அன்று எளிய செய்தியன்று. ஊர்ப் பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயிலிலும் சாவடியிலும் நடந்தன. அங்கு கால்வைக்கவே உரிமையில்லாத பிள்ளைக்குப் பள்ளி மட்டும் எப்படித் திறந்திருக்கும்? மாகாணத்தின் பொதுப் பள்ளிகளில் பத்தில் ஒரு பங்குகூட நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை 1919இல் அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வராத பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை, கட்டுப்பாடு தெரியாது என்ற பழியும் கூடவே சுமத்தப்பட்டது. கதவை அடைத்தவர்களே வெளியே நிற்பவனைக் குற்றம் சாட்டினார்கள்.

இதற்கு மறுமொழி அதே அடையாற்றின் முகத்துவாரத்தருகே கிடைத்திருந்தது. கர்னல் ஆல்காட் 1894இல் அடையாறில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளியும், பின்னர் நகரில் எழுந்த அதன் கிளைப் பள்ளிகளும் ஆட்டம், பாட்டு, கைவேலை ஆகியவற்றைக் கொண்ட கிண்டர்கார்டன் முறையைக் கையாண்டன. அம்முறையைப் பற்றி அப்பள்ளிகளில் பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார் 1906இல் ஒரு சிறுநூலே எழுதினார். பயிற்றுமுறை மாறியதும் அதே சேரிப் பிள்ளைகள் ஆர்வத்துடன் கற்றார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சட்டமன்ற உறுப்பினராக ராஜா செய்தவற்றுள் வகுப்பறையை நேரடியாகத் தொட்ட ஒன்று பெயர் மாற்றம். பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என எழுத வேண்டும் என்ற தீர்மானம் அவருடைய முயற்சியால் நிறைவேறி, 1922இல் அரசாணையாயிற்று. இதை வெறும் சொல்மாற்றம் என்று கருதுவோர், ஒவ்வொரு காலையும் உடன்பயில்வோர் முன்னிலையில் இழிசொல்லால் குறிக்கப்படும் பத்து வயதுப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை தலைகுனிந்தால் மந்தம் என்றார்கள். நிமிர்ந்து முறைத்தால் திமிர் என்றார்கள். பள்ளியில் வாழ்ந்த ஒருவருக்கு இது நன்கு தெரிந்திருக்கும்.

அடுத்தது ஒரு நூல். 1930இல் ராஜாவும் ஆர்.ரங்கநாயகி அம்மாளும் இணைந்து ‘கிண்டர்கார்டன் ரூம்’ என்னும் சிறார் நூலை வெளியிட்டார்கள். தமிழ்க் குழந்தைகள் இன்றும் கையசைத்தும் உடலசைத்தும் பாடும் பாட்டுகள் சில அதில் அச்சேறின. ஜெர்மானியக் கல்வியாளர் ஃப்ரோபெல் 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயரிட்ட முறையின் அடிப்படை எளியது: சிறு பிள்ளையின் உடல் அசையாமல் இராது, அந்த அசைவை அடக்கினால் அது சேட்டையாக வெடிக்கும், பாட்டிலும் ஆட்டத்திலும் சேர்த்தால் கற்றலாகும். மத்திய சட்டமன்றத்தில் அமர்ந்திருந்த காலத்திலேயே ஒரு தலைவர் மழலையர் பாட்டுக்கும் நேரம் ஒதுக்கினார் என்பது அவர் ஆசிரியராகவே இருந்தார் என்பதைக் காட்டுகிறது.

அரசியலில் அவர் பாதை நேராக இருக்கவில்லை. 1921இன் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர் பக்கம் நின்றதால் நீதிக்கட்சியோடு கசப்பு மூண்டது. 1923இல் அக்கட்சியை விட்டு விலகினார். கூட்டுத்தொகுதியை ஏற்ற 1932ஆம் ஆண்டு உடன்படிக்கை இன்றும் விமர்சனத்துக்கு உரியது. 1938இல் அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை ராஜாஜி அரசு தோற்கடித்தது. அதே ஆண்டில் அவருடைய முயற்சியால் சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் நிறைவேறியது. கிணறு, சாலை முதலிய பொது இடங்களில் நம்மைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கிய அச்சட்டம், இன்று நாம் வாதிடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூதாதை. 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவை அம்பேத்கரும் அவரும் சேர்ந்தே சந்தித்தார்கள். 1943இல் ராஜா மறைந்தார்.

இனி அனகாபுத்தூருக்கு வருவோம். நெசவுக்குப் பேர்பெற்று, இன்று தாம்பரம் மாநகராட்சியில் அடங்கிய இவ்வூரில் 2025 மே மாதம் அடையாற்றங்கரை வீடுகள் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பெரும்பாக்கம், கீரப்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்கக வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. அடுத்த மாதமே பள்ளி திறக்கும் காலம். வீடு இடிபட்டதைக் கண்ணால் கண்ட ஒரு பிள்ளை, தெரியாத ஊரில், நண்பர் இல்லாத வகுப்பில் அமர்கிறது. பாடத்தைக் கவனிப்பதில்லை, சட்டென்று கைநீட்டுகிறது, பாதி நாள் வருவதில்லை. குடியிருப்பின் பெயரைச் சொல்லி, அங்கிருந்து வருவதெல்லாம் இப்படித்தான் என்று முடிவுகட்டுவது எளிது. அக்கிரகாரப் பள்ளிக் காலத்தின் பழி, முகவரியின் பெயரால் திரும்பி வருகிறது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2003இல் தமிழக அரசு கல்வி விதிகளைத் திருத்தி உடல்ரீதியான தண்டனையை நீக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது. 16ஆம் பிரிவின்படி தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. பெற்றோரை அழைத்து, அவர்களாகவே மாற்றுச் சான்றிதழ் கேட்டதாக எழுதி வாங்குவது இந்தப் பிரிவை ஏமாற்றும் வேலை. அப்படிக் கையெழுத்திடப் பெற்றோருக்கு எந்தக் கடமையும் இல்லை.

பிரம்பைக் கீழே வைத்தபின் என்ன செய்வது என்னும் ஆசிரியரின் கேள்வி நியாயமானது. அறுபது பேர் அமர்ந்த வகுப்பில் ஒருவர் தனியே நிற்கும்போது அறிவுரை மட்டும் போதாது. ஆயினும் செய்யக்கூடியவை உண்டு. பிள்ளை எந்த நேரத்தில், எந்தப் பாடத்தில், யார் என்ன சொன்னபின் சீறுகிறது என்று இரண்டு வாரம் குறித்துவைத்தாலே காரணம் பெரும்பாலும் வெளிப்படும். அது பசியாக இருக்கலாம், பார்வைக் குறையாக இருக்கலாம், வாசிக்கத் தெரியாததை மறைக்கும் முயற்சியாகவும் இருக்கலாம். கண்டிப்பைத் தனியே சொல்லலாம். பாராட்டை, செய்த செயலைக் குறிப்பிட்டு, எல்லார் முன்னும் சொல்லலாம். கடைசி வரிசையை யாருக்கும் நிரந்தரமாக்காமல் இருக்கையைச் சுழற்றலாம். அன்றாட ஒழுங்கை மாற்றாமல் வைத்திருப்பது, வீட்டில் எதுவும் நிலையாக இல்லாத பிள்ளைக்குப் பெரும் பற்றுக்கோடு. கரும்பலகை துடைப்பது, நூல்களைப் பகிர்வது போன்ற பொறுப்புகளை நம்பி ஒப்படைக்கலாம். கழிப்பறைத் தூய்மையை மட்டும் எந்தப் பிள்ளையிடமும் தரலாகாது. அதைப் பட்டியலினப் பிள்ளையிடம் தருவது வன்கொடுமை வழக்குக்குரிய செயல்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டு நீங்க வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது, மாணவர் நலன் காக்கத் தனி அலுவலர் வேண்டும் என்னும் அதன் பரிந்துரைகள் 1922இல் ராஜா தொடங்கிவைத்த வேலையின் தொடர்ச்சி. மறுகுடியமர்வுப் பகுதிப் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர்களையும் முழுநேர மனநல ஆலோசகரையும் தராமல், அங்குள்ள பிள்ளைகளின் நடத்தையைப் பற்றிப் பேச அரசுக்கு உரிமை இல்லை. ஆற்றங்கரையிலிருந்து ஒரு குடும்பத்தை அகற்றும் ஆணையிலேயே, அக்குடும்பத்துப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில், யாருடைய பொறுப்பில் சேர்க்கப்படுவார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். அதை நாம் கேட்டுப் பெற்றாக வேண்டும்.