பாப்பரசரைப் பகைத்தவர் கர்தினால் ஆன வரலாறு



யூபிலியை முன்னிட்டு நாம் வீடு சந்தித்து வந்த மாதங்களில், பெரியவர்களும் வாலிபர்களும் மாறி மாறி நம்மிடம் முறையிட்ட காரியம் ஒன்று உண்டு. பிரிந்த சபைகளைச் சேர்ந்த உறவினரும், வேலை செய்யுமிடத்து நண்பரும், மாதாவை ஏன் ஆராதிக்கிறீர்கள், மரித்துப்போன புனிதர்களிடம் ஏன் மன்றாடுகிறீர்கள், பாப்பரசர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்களோ என்றெல்லாம் வினவுகிறார்களாம். நம்மவர் பலர் பதில் தெரியாமல் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு கோவிலுக்கும் தம்பி ஒரு கோவிலுக்கும் போகிற இந்நாளில், இது கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வந்து நிற்கிற கேள்வியாகிவிட்டது.

இதே கேள்விகளை நம்மைவிட நூறு மடங்கு கடுமையாகக் கேட்டு, விடை தேடுவதில் பாதி ஆயுளைக் கழித்து, விடை கிடைத்தபின் அதற்கு விலையும் கொடுத்த ஒரு மகானின் வாழ்க்கையை இம்மலரில் எழுத விரும்பினோம். அவர்தாம் புனித ஜான் ஹென்றி நியூமன்.

1801-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை வங்கி நடத்தியவர். மக்கள் அறுவரில் நியூமன் மூத்தவர். 1816-இல் வங்கி நொடித்துப்போனது. அதே ஆண்டில்தான் பதினைந்து வயது நியூமனின் உள்ளத்தைக் கடவுள் ஆழமாகத் தொட்டார். ஆனால் அந்த இளம் வயதில் அவர் படித்த நூல்களில், தானியேலும் சின்னப்பரும் அருளப்பரும் முன்னறிவித்த அந்திக்கிறிஸ்து உரோமைப் பாப்பரசரே என்று எழுதியிருந்தது. பையன் அதை அப்படியே நம்பிவிட்டார். அந்தக் கறை நீங்க அவருக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது என்றால், பிள்ளைகளின் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுக்கிறோம் என்று பெற்றோர் யோசிக்க வேண்டாமா?

அக்கால இங்கிலாந்தை அறியாமல் இவர் வாழ்க்கை விளங்காது. அங்கே அரசரே திருச்சபைக்குத் தலைவர். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் உட்காரும் உரிமை பெற்றதே 1829-இல்தான். ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது விதிகளில் கையெழுத்திடாதவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கவும் முடியாது. அப்படிப்பட்ட ஆக்ஸ்போர்டில் நியூமன் 1822-இல் ஓரியல் கல்லூரியில் ஆசிரியத் தகுதி பெற்றார். ஆங்கிலிக்கன் குருவாகி, 1828-இல் பல்கலைக்கழக ஆலயமாகிய தூய மரியா ஆலயத்துக்குப் பங்குத் தலைவரும் ஆனார். அவருடைய ஞாயிறு மாலைப் பிரசங்கத்தைக் கேட்க மாணவர் திரண்டு வந்தனர். 1833-இல் மத்தியதரைக் கடல் பயணத்தில் சிசிலித் தீவில் காய்ச்சலில் விழுந்து, மரண வாசல் வரை சென்று மீண்டார். திரும்பும் வழியில் கப்பலில் அவர் எழுதிய, இருளில் வழிகாட்டும் ஒளியை நோக்கிய சிறு பாட்டு, பிற்காலத்தில் நம் காந்தியடிகளுக்கு மிகப் பிடித்த செபப் பாடல்களில் ஒன்றாயிற்று.

ஊர் திரும்பியதும் கீபிள், பியூசி முதலிய நண்பர்களுடன் சேர்ந்து, ஆங்கிலிக்கன் சபையை ஆதித் திருச்சபையின் தூய்மைக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். உரோமையிடம் போவதற்கல்ல, உரோமை இல்லாமலே கத்தோலிக்கராக இருக்க முடியும் என்று காட்டுவதற்கு. ஆதலால் முதல் நூற்றாண்டுகளின் திருச்சபைத் தந்தையரை அவர்களுடைய மொழிகளிலேயே வாசித்தார். குருமடத்தில் நமக்கும் அத்தந்தையரைப் பற்றிப் பாடம் உண்டு. தேர்வு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டோம். நியூமன் மூடவில்லை.

1839-இல் ஒரு கோடை விடுமுறையில் கல்செதோன் பொதுச்சங்கத்தின் வரலாற்றைப் படித்தார். 451-இல் கூடிய அச்சங்கத்தில், கிறிஸ்துவின் இரு சுபாவங்களைக் குறித்துப் பாப்பரசர் பெரிய சிங்கராயர் எழுதி அனுப்பிய நிருபமே உண்மையான விசுவாசம் என்று ஏற்கப்பட்டது. அதை ஏற்காமல் விலகி நின்றவர்கள் பிரிவினைக்காரர் ஆனார்கள். நியூமன் அந்தப் பழைய ஏடுகளில் தம் முகத்தையே கண்டார். அன்று உரோமை நின்ற இடத்தில்தான் இன்றும் உரோமை நிற்கிறது. அன்று விலகி நின்றவர்களின் வரிசையில் தாம் நிற்கிறோம் என்று மனம் கலங்கினார். பாப்பரசரின் அதிகாரம் இடைக்காலத்தில் யாரோ கட்டிவிட்ட கதையல்ல என்பது அவருக்குப் புலப்படத் தொடங்கியது இங்கேதான்.

ஆயினும் மாதாவும் புனிதர்களும் பெரிய தடையாகவே நின்றனர். 1841-இல், முப்பத்தொன்பது விதிகளைக் கத்தோலிக்கக் கருத்தோடு வாசிக்கலாம் என்று காட்ட ஒரு சிறு நூல் எழுதினார். புனிதர்களை மன்றாடுவதைக் கண்டிக்கும் விதி, அதில் நுழைந்த தகாத வழக்கங்களைக் கண்டிக்கிறதேயன்றி ஆதித் திருச்சபையின் நம்பிக்கையை அல்ல என்பது அவர் வாதங்களில் ஒன்று. பல்கலைக்கழகம் கொதித்தெழுந்தது, ஆயர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கண்டித்தனர். அவர் அருகிலிருந்த லிட்டில்மோர் என்னும் சிற்றூருக்கு ஒதுங்கி, சில தோழர்களுடன் செபத்திலும் தவத்திலும் வாழ்ந்தார். 1843-இல் உரோமைக்கு எதிராகத் தாம் முன்பு எழுதிய கடுஞ்சொற்களைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பங்குப் பொறுப்பையும் துறந்தார்.

மாதா விஷயத்தில் அவருக்கு வழி திறந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அயர்லாந்தின் மேனூத் குருமடத்தைச் சேர்ந்த ரஸ்ஸல் என்னும் குரு, வாதாடாமல், புனித அல்போன்ஸ் லிகோரியாரின் பிரசங்கங்களையும் எளிய பக்திப் புத்தகங்களையும் அனுப்பிவைத்தார். நியூமன் எதிர்பார்த்த விக்கிரக ஆராதனை அவற்றில் இல்லை. புனித இஞ்ஞாசியாரின் ஞானப் பயிற்சிகளையும் செய்து பார்த்தார். அங்கே ஆன்மாவும் அதைப் படைத்தவரும் நேருக்கு நேர். நடுவில் சுரூபமும் இல்லை, சம்மனசும் இல்லை, மாதாவும் இல்லை. மாதா பக்கத்தில் நின்று நமக்காக மன்றாடுகிறவர். வழியை மறித்து நிற்பவர் அல்லர்.

இதைவிட ஆழமான வெளிச்சம் அத்தனாசியார் காலத்து வரலாற்றிலிருந்து வந்தது. நான்காம் நூற்றாண்டில் ஆரியுஸ் என்பவன், கிறிஸ்து படைப்புகள் எல்லாவற்றிலும் உயர்ந்த படைப்பு, ஆனால் கடவுள் அல்ல என்றான். திருச்சபை அதை மறுத்தது. படைப்பு எவ்வளவு உயர்ந்தாலும் படைப்பே, சுதனோ பிதாவுக்கு நிகரான கடவுள் என்று அறிக்கையிட்டது. நியூமன் இங்கே ஓர் உண்மையைக் கண்டார். படைப்புகளுக்குள் மிக மேலான இடம் என்று ஆரியுஸ் கிறிஸ்துவுக்குக் கொடுத்த அந்த இடம், அவருக்குப் போதாது என்று திருச்சபை தீர்மானித்தபின், வெறுமையாக நின்றது. அந்த இடத்தில்தான் மாதா நிற்கிறார். ஆகவே மாதாவை எவ்வளவு போற்றினாலும், அவரைக் கடவுளாக்குகிறோம் என்று சொல்வது, ஆரியுஸ் கிறிஸ்துவைக் கடவுளாக ஏற்றுக்கொண்டான் என்று சொல்வதற்குச் சமம். 431-இல் எபேசு சங்கம் மரியாளைத் தேவதாய் என்று அழைத்ததும், மகன் கடவுள் என்பதைக் காப்பதற்கே அன்றோ?

குருமடத்தில் இலத்தீன் ஆசிரியர் நம் தலையில் அடித்து ஏற்றிய பாகுபாடும் இதுவே: இறைவனுக்கு மட்டும் உரிய ஆராதனை லாத்ரியா; புனிதர்களுக்கு நாம் செலுத்தும் வணக்கம் தூலியா; தேவதாய்க்கு உரிய மேலான வணக்கம் ஹிப்பர்தூலியா. தமிழில் ஆராதனை, வணக்கம் என்ற இரு சொற்களையும் கலந்து பேசுவதால்தான் நமக்குப் பாதித் தொல்லை.

1845 அக்டோபர் 8-ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில், வண்டியின் திறந்த மேல்தட்டில் பல மணி நேரம் நனைந்து, இத்தாலியரான தொமினிக் பார்பேரி என்னும் பாடுகளின் சபைக் குரு லிட்டில்மோர் வந்து சேர்ந்தார். ஏழை விவசாயியின் மகன். ஆங்கிலம் அவர் நாவில் சரிவரப் புரளாது. இங்கிலாந்தின் தெருக்களில் கல்லடியும் கேலியும் பட்டவர். அவர் அடுப்பங்கரையில் ஈர உடையை உலர்த்திக்கொண்டிருக்கையில், ஆக்ஸ்போர்டின் தலைசிறந்த அறிஞர் உள்ளே வந்து அவர் காலடியில் முழந்தாளிட்டு, திருச்சபையில் சேர்த்துக்கொள்ளக் கேட்டார். மறுநாள் 9-ஆம் தேதி நியூமன் கத்தோலிக்கரானார். குருவை நாம் ஏன் மதிக்கிறோம் என்பதற்கு இந்த ஓர் இரவு போதும். நியூமன் தேடியது அவருடைய படிப்பையும் பேச்சையும் அல்ல.

விலை பெரிது. சகோதரி ஹாரியட் உறவை முறித்துக்கொண்டார். கீபிளையும் பியூசியையும் மூவரும் ஒருங்கே சந்திக்க இருபது ஆண்டுகள் ஆயின. உயிரினும் மேலாக நேசித்த ஆக்ஸ்போர்டுக்கு 1846 முதல் 1878 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், திரும்பவில்லை. நம்மில் மதம் மாறி வந்தவர்களும், கலப்பு மணத்தால் வீட்டைப் பிரிந்தவர்களும் இதை நன்கு உணர்வார்கள்.

1847-இல் உரோமையில் குருப்பட்டம் பெற்று, புனித பிலிப்பு நேரியின் ஒராட்டரி சபையை இங்கிலாந்தில் தொடங்கினார். பர்மிங்காமில் அவருடைய முதல் கோவில் ஒரு பழைய சாராய ஆலை! வந்தவர்கள் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். டப்ளின் பல்கலைக்கழக வேலை, நீதிமன்ற வழக்கு, பள்ளிக்கூடம் என்று பல ஆண்டுகள் ஓடின.

திருச்சபைக்குள்ளேயும் அவருக்குச் சோதனை வந்தது. 1859-இல், விசுவாசக் காரியங்களில் பொதுநிலையினரின் உணர்வையும் கேட்டறிவது திருச்சபையின் பழைய வழக்கம் என்று எழுதினார். ஆரியுஸ் காலத்தில் ஆயர்கள் பலர் தடுமாறியபோது விசுவாசத்தைக் காத்தவர்கள் எளிய மக்களே என்று காட்டினார். ஓர் ஆயர் உரோமைக்குப் புகார் அனுப்பினார். விளக்கம் தர நியூமன் ஆயத்தமாயிருந்தும், கேட்கப்பட்ட கேள்விகள் அவர் கைக்கே வந்து சேரவில்லை. பல ஆண்டுகள் சந்தேக நிழல் அவர்மேல் படிந்திருந்தது. அவர் திருச்சபையை விட்டு ஓடவுமில்லை, பத்திரிகையில் தூற்றவுமில்லை.

1865-இல் பியூசி, மாதா பக்தி எல்லை மீறிப்போவதாகக் குறைகூறி நூல் வெளியிட்டார். பழைய நண்பருக்கு நியூமன் எழுதிய பதில் 1866-இல் அச்சாயிற்று. பாலஸ்தீனத்தில் பிறந்த யுஸ்தீன், ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், சின்ன ஆசியாவிலிருந்து பிரான்ஸ் சென்ற இரேனேயு ஆகிய மூவருமே மரியாளை இரண்டாம் ஏவாளாகக் கண்டதை எடுத்துக்காட்டினார். முதல் ஏவாள் பாவமின்றிப் படைக்கப்பட்டாள் எனில் இரண்டாம் ஏவாளுக்கு அதைவிடக் குறைந்த வரமா கிடைத்திருக்கும் என்று அமலோற்பவத்தை விளக்கினார். அதோடு நிற்கவில்லை. விசுவாசம் வேறு, பக்தி முயற்சி வேறு. முன்னது எங்கும் ஒன்று, பின்னது நாட்டுக்கு நாடு மாறும் என்றார். சில வெளிநாட்டுப் பக்தி நூல்களின் மிகைப்பேச்சைத் தம்மாலும் ஏற்க இயலாது என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். இங்கே நம் பங்கு மக்களுக்கும் ஒரு சொல்: நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிட நேரமின்றி, நேரே அந்தோனியார் சுரூபத்துக்கு மெழுகுதிரி ஏற்ற ஓடுகிறவர்களைப் பார்த்து அந்தோனியாரே மகிழ்வாரா?

1870 ஜூலை 18-இல் முதல் வத்திக்கான் சங்கம், பாப்பரசரின் தவறா வரத்தை விசுவாசப் பிரமாணமாக அறிவித்தது. நியூமன் அவ்வுண்மையை நெடுநாளாகவே நம்பியவர். ஆனால் அதை அறிவிக்க இது தகுந்த வேளையல்ல என்று கருதினார். 1874-இல், பிரதமராயிருந்து பதவி இழந்த கிளாட்ஸ்டன், இனிக் கத்தோலிக்கர் நாட்டுக்கு விசுவாசமாயிருக்க முடியாது, அவர்கள் மனச்சான்றைப் பாப்பரசரிடம் அடகுவைத்துவிட்டார்கள் என்று எழுதினார். 1875-இல் நியூமன், தம் பள்ளியில் பயின்ற நார்ஃபோக் பிரபுவுக்குக் கடிதம் என்ற உருவில் மறுமொழி தந்தார். பாப்பரசர் பேசுவதெல்லாம் தவறாதது என்று யாரும் சொல்லவில்லை. அகில திருச்சபைக்கும் ஆசிரியராக, விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி முடிவாகப் போதிக்கையில்தான் அவ்வரம். மனச்சான்று என்பது இஷ்டம்போல் நடக்கும் உரிமையல்ல, உள்ளத்தில் ஒலிக்கும் கடவுளின் குரல். அதை அழித்தால் பாப்பரசர் தம் காலுக்கடியில் உள்ள தரையையே வெட்டுகிறவர் ஆவார் என்று விளக்கினார். அடிமைப் பணிவுக்கும் பிள்ளைப் பணிவுக்கும் உள்ள வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர் சிலரே.

1879-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் எழுபத்தெட்டு வயது நியூமனைக் கர்தினால் ஆக்கினார். அந்திக்கிறிஸ்து என்று சிறுவயதில் தாம் நம்பிய ஆசனத்திலிருந்து செந்தொப்பி வந்தது. கடைசி ஆண்டுகளிலும் சும்மா இருக்கவில்லை. 1889 குளிர்காலத்தில், பர்மிங்காமுக்கு அருகே கேட்பரி சாக்லேட் ஆலையில் கத்தோலிக்கப் பெண்கள் பிற சபையின் வேதவகுப்பில் கட்டாயமாக உட்கார வேண்டியிருப்பதை அறிந்து, எண்பத்தெட்டு வயதில் பனியில் நேரே சென்று முதலாளிகளிடம் பேசினார். அவர்களும் நல்ல மனத்தோடு, அப்பெண்கள் தனியே செபிக்க ஓர் அறை ஒதுக்கினார்கள்.

1890 ஆகஸ்ட் 11-இல் இறைவனடி சேர்ந்தார். ரெட்னல் என்னுமிடத்துச் சிறு கல்லறையில், அவர் விருப்பப்படி நண்பர் அம்புரோஸ் செயின்ட் ஜான் சுவாமியுடன் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டார். 2008-இல் அருளிக்கங்களைப் பெறக் குழியைத் திறந்தபோது, பெயர் பொறித்த உலோகத் தகடும் பெட்டியின் கைப்பிடிகளும் துணித் துண்டுகளும் கிடைத்தன. எலும்பு ஒன்றும் இல்லை. ஈரமண் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அருளிக்கத்துக்கு மாயசக்தி உண்டு என்று நாம் நம்புவதாகச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எலும்பில்லாமற் போனதால் ஒருவருடைய செபமும் நிற்கவில்லை. முதுகெலும்பு நோயால் வருந்திய அமெரிக்கத் திருத்தொண்டர் ஒருவரும், கருவுற்ற வேளையில் உயிருக்கு ஆபத்தான இரத்தப்போக்குக்கு ஆளான தாய் ஒருவரும் அவர் மன்றாட்டால் குணமடைந்ததைத் திருச்சபை ஆராய்ந்து ஏற்றது.

2010 செப்டம்பர் 19-இல் பதினாறாம் பெனடிக்ட் பர்மிங்காமில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2019 அக்டோபர் 13-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் பட்டம் அளித்தபோது, அவருடன் அதே பீடத்தில் உயர்த்தப்பட்டவர்களுள் நம் அண்டை மாநிலமாம் கேரளத்தின் மரியம் திரேசியாவும் ஒருவர். 2025 நவம்பர் 1, சகல புனிதர் திருநாளன்று, பதினான்காம் சிங்கராயர் பாப்பரசர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். புனிதர்களின் திருவிழா வழக்கமாக அவர்கள் இறந்த நாளில் வரும். ஆகஸ்ட் 11 புனித கிளாராளின் நாள் ஆகையால், நியூமனுக்குத் தேர்ந்தெடுத்த நாள் அக்டோபர் 9. லிட்டில்மோரில் மழை நின்ற மறுநாள், இத்தாலியக் குருவின் கையால் அவர் கத்தோலிக்கரான நாள்.