உடலின் காவலரைக் கண்ட மெச்னிகாவ்

கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமிகள் மனிதரை நாள்தோறும் சூழ்ந்து நிற்கின்றன. உண்ணும் உணவிலும் பருகும் நீரிலும் அவை கலந்து வருகின்றன. ஆயினும் ஒரே கிணற்று நீரைப் பருகிய இருவருள் ஒருவர் நோய்வாய்ப்பட, மற்றவர் யாதொரு குறையுமின்றி உலவுதலைக் காண்கிறோம். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் இலியா மெச்னிகாவ் என்னும் உயிரியல் அறிஞர்.

இவர் 1845-ஆம் ஆண்டில், அந்நாளில் ரஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்ததும் இன்று உக்ரேன் நாட்டில் உள்ளதுமாகிய கார்கிவ் நகரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படையில் பணியாற்றியவர். சிறுவர் மெச்னிகாவ் செடி கொடிகளையும் பூச்சிகளையும் ஆராய்வதில் பேரார்வம் கொண்டிருந்தார். தாம் அறிந்தவற்றை உடன்பிறந்தாருக்கும் ஊர்ச் சிறுவருக்கும் விரிவுரையாக எடுத்துரைப்பார். கேட்போர் எழுந்து ஓடிவிடாமல் இருக்கும் பொருட்டுத் தம் கைக்காசையே அவர்களுக்குக் கொடுப்பாராம்! கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்தார். பின்னர் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் சென்று கடல்வாழ் சிற்றுயிர்களைப் பற்றி ஆராய்ந்தார். 1870-ஆம் ஆண்டில் ஒடெசா நகரப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியரானார்.

அறிவு வளர்ந்த அளவிற்கு அவருடைய இல்வாழ்க்கை இன்பமாக அமையவில்லை. 1869-ஆம் ஆண்டில் அவர் லுட்மிலா என்னும் நங்கையை மணந்தார். காசநோயால் மெலிந்திருந்த அம்மங்கையை மணநாளன்று நாற்காலியில் அமர்த்தியே திருக்கோயிலுக்குத் தூக்கிச் சென்றனர். நோய்க்கு ஏற்ற தட்பவெப்பம் நாடி ஊர் ஊராக அழைத்துச் சென்றும் பயன் விளையவில்லை. 1873-ஆம் ஆண்டில் மதேரா தீவில் அவர் உயிர் துறந்தார். கண்ணெதிரே ஒரு நோய் தம் துணைவியைச் சிறிது சிறிதாகத் தின்று தீர்த்ததைக் கண்ட மெச்னிகாவ் வாழ்வையே வெறுத்தார். இரண்டாண்டுகள் கழித்து ஓல்கா என்பாரை மணந்தார். அவ்வம்மையார் பிற்காலத்தில் கணவரின் ஆராய்ச்சிக்கு உற்ற துணையாக விளங்கினார்.

அரசியற் குழப்பங்களால் ஒடெசாவில் அமைதியாகப் பணியாற்ற இயலாத நிலை தோன்றவே, 1882-ஆம் ஆண்டில் மெச்னிகாவ் பதவியைத் துறந்து, குடும்பத்தோடு சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரை அடைந்தார். ஒருநாள் வீட்டார் அனைவரும் பழக்கிய குரங்குகளின் வேடிக்கையைக் காணச் சென்றிருந்தனர். மெச்னிகாவ் மட்டும் தனித்திருந்து, நட்சத்திர மீனின் இளங்குஞ்சுகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே நோக்கிக்கொண்டிருந்தார். அவற்றின் உடல் கண்ணாடி போல் தெளிவானது. ஆதலின் உள்ளே ஊர்ந்து திரியும் அணுக்கள் நன்கு தெரிந்தன. அப்பொழுது அவருள்ளத்தில் ஓர் எண்ணம் மின்னலெனத் தோன்றியது. இவ்வணுக்கள் இரையை மட்டுமா விழுங்குகின்றன? உடலுள் புகும் பகைப் பொருளையும் இவையே எதிர்த்து நிற்கின்றனவோ? அறைக்குள் இருப்புக் கொள்ளாமல் அவர் கடற்கரைக்குச் சென்று உலாவினார். திரும்பி வந்து, தோட்டத்து ரோசாச் செடியின் சிறு முட்களைப் பறித்து, அக்குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் எழுந்து பார்த்தார். முள்ளைச் சுற்றிலும் அணுக்கள் படைபோல் திரண்டு நின்றன!

மனித உடலில் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் இப்பணியையே செய்கின்றன என்று அவர் கூறினார். வியன்னா நகர விலங்கியலறிஞர் கிளாஸ் என்பார், உண்ணும் அணு என்று பொருள்படும் கிரேக்கப் பெயரொன்றை அவற்றிற்குச் சூட்ட உதவினார். ஜெர்மானிய அறிஞர் பலர் இக்கொள்கையை ஏற்கவில்லை. குருதிநீரில் கரைந்துள்ள பொருள்களே கிருமிகளைக் கொல்கின்றன என்பது அவர்கள் துணிபு. இவ்வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1888-ஆம் ஆண்டில் பாஸ்டர் பெருமகனார் மெச்னிகாவைப் பாரிஸ் நகரில் தமது நிலையத்திற்கு வரவேற்று ஆய்வுக்கூடம் அளித்தார். இறுதிவரை அவர் அங்கேயே பணியாற்றினார். 1908-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு அவருக்கும், குருதிநீர்க் கொள்கையின் தலைவர்களுள் ஒருவராகிய பால் எர்லிக் என்பாருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இருசாரார் கூற்றிலும் உண்மை இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மெச்னிகாவின் கருத்தைக் குடலின்பால் திருப்பியது காலரா நோயாகும். 1892-ஆம் ஆண்டில் பிரான்சில் அந்நோய் பரவியபொழுது, அவர் காலராக் கிருமிகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துத் தாமே பருகினார். அவருக்கு ஒன்றும் நேரவில்லை. தாமாக முன்வந்து பருகிய ஓர் இளைஞரும் நலமாக இருந்தார். ஆனால் மற்றோர் இளைஞர் கடும் நோயுற்றுச் சாவின் வாயில் வரை சென்று மீண்டார். துணிவு மிக்க செயலேயாயினும், பிறருயிரை அவ்வாறு இடருக்குள்ளாக்கியது தகாது என்றே இன்று நாம் கருதுவோம். மெச்னிகாவும் அந்நாளில் பெரிதும் கலங்கினார். ஒரே கிருமி ஒருவரை வருத்தி மற்றவரை விட்டதேன்? குடலில் முன்னரே குடிகொண்டுள்ள நுண்ணுயிர்களுள் சில காலராக் கிருமிக்குத் துணை செய்கின்றன, சில அதனை வளரவொட்டாமல் தடுக்கின்றன என்று அவர் ஆய்ந்து கண்டார். குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உடல்நலத்தில் பங்கு கொள்கின்றன என்னும் கருத்து இங்ஙனம் முளைத்தது.

அவர் மேலும் சிந்தித்தார். பெருங்குடலில் உணவின் எச்சத்தை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சே முதுமையை விரைவில் கொணர்கிறது என்று முடிவு செய்தார். பால் புளித்தால் அழுகுவதில்லை. புளிப்பில் அழுகற் கிருமிகள் வளர இயலாமையே அதற்குக் காரணம். அவ்வாறாயின் தயிரை உறையச் செய்யும் நுண்ணுயிர்களைக் குடலுக்குள் அனுப்பினால் என்ன? பல்கேரிய நாட்டு உழவர் தயிரை மிகுதியாக உண்டு நெடுங்காலம் வாழ்வதாக அவர் கேள்வியுற்றிருந்தார். அந்நாட்டு மாணவராகிய ஸ்தாமென் கிரிகோரோவ் 1905-ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் பல்கேரியத் தயிரினின்று ஒரு நுண்ணுயிரைப் பிரித்துக் காட்டினார். அந்நுண்ணுயிரால் உறைந்த தயிரை மெச்னிகாவ் நாள்தோறும் உண்டு வந்தார். செய்தித்தாள்கள் இதனை ஊதிப் பெருக்கின. தயிர் உண்டால் முதுமையே அணுகாதென்று விளம்பரங்கள் முழங்கின; வணிகர் மாத்திரை செய்து விற்றனர். தாம் அவ்வாறு கூறவில்லை என்று அவர் எழுதியும் கேட்பார் அரியராயினர்.

அவர் கொள்கையில் ஒரு பகுதி நிலைக்கவில்லை. அத்தயிர்க் கிருமி மனிதக் குடலில் நிலையாகத் தங்குவதில்லை என்பதை அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பின்னர் மெய்ப்பித்தனர். குடல் நஞ்சே முதுமைக்கு வேர் என்பதும் கைவிடப்பட்டது. ஆனால் அடிப்படை எண்ணம் அழியவில்லை. உடலின் காவலணுக்களுள் ஒரு பகுதி குடற்சுவரை ஒட்டியே உள்ளது என்பது பிற்காலத்து ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. நல்ல நுண்ணுயிர்கள் குடலில் இடத்தையும் உணவையும் பற்றிக்கொண்டு தீயவற்றை நெருக்குகின்றன. அமிலம் சுரந்து அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து குடலணுக்களுக்கு உணவளிக்கின்றன. எதனை எதிர்ப்பது, எதனைப் பொறுத்துக்கொள்வது என்று காவலணுக்களைப் பழக்குகின்றன. எல்லாத் தயிரும் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடாது. கொதிக்க வைத்தால் அந்நுண்ணுயிர்கள் மடிந்துவிடும். உயிருடனும் போதிய அளவிலும் உட்கொள்ளப்பட்டு நன்மை தருவனவற்றையே நலந்தரும் நுண்ணுயிர்கள் எனல் வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டில் உலக நாடுகளின் வல்லுநர் குழு ஒன்று வரையறுத்தது.

1914-ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. உடன் பணியாற்றிய இளைஞர் போர்க்களம் சென்றனர், ஆய்வுக்கூடம் வெறிச்சோடியது. மக்களின் ஆயுளை நீட்டிக்க வழி தேடிய முதியவர், ஆயிரக்கணக்கான இளைஞர் மடியும் செய்தியை நாள்தோறும் கேட்க நேர்ந்தது. அவர் இதயமும் தளர்ந்தது. பாஸ்டர் நிலையத்தில் முன்னர்ப் பாஸ்டர் வாழ்ந்த இல்லத்திலேயே அவரைக் கிடத்தி மருத்துவம் செய்தனர். இறுதி நாளில் அவர் தம் நண்பராகிய மருத்துவரை அருகழைத்து, தாம் இறந்த பின்னர் உடலை அறுத்துப் பார்க்க வேண்டுமென்றும், குடலைச் சிறப்பாகக் கவனித்து ஆராய வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். 1916-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தம் 71-ஆம் அகவையில் அவர் காலமானார். அவருடைய சாம்பல் பாஸ்டர் நிலையத்து நூலகத்தில் ஒரு தாழியில் வைக்கப்பட்டது.